உண்கலமும் உரிமையும்: கட்டிளமைப் பருவத்தினரின் உடல் நிறை பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்றின் உடல் நிறை அதன் வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற அளவை மீறிச் செல்வதைப் பெற்றோர் காண்கின்றனர். பிள்ளை இனிப்புப் பானங்களை விரும்பிக் குடிக்கின்றது. மரக்கறியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகின்றது. விளையாட்டு மைதானத்தை மறந்து பல மாதங்கள் ஆகின்றன. என்ன செய்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு விடை கூற வைத்தியர்களும் போசாக்கியலாளர்களும் உளர். அவர்தம் விடையில் ஐயுறுதற்குப் பெரிதும் இடமில்லை. ஆயின், அதனைச் செய்தற்கு யாருக்கு எவ்வளவு உரிமை உண்டு, எந்த வழியாற் செய்தல் தகும், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளல் வேண்டும் என்னும் வினாக்கள் வைத்திய ஆலோசனை முடிந்து வீடு திரும்பிய பின்னரே எழுகின்றன. இவை மருத்துவ வினாக்கள் அல்ல, ஒழுக்கவியல் வினாக்களாம்.

இவ்வினாக்கள் அற்பமானவை என்று கருதுவோரும் இருத்தல் கூடும். சுதந்திரம், அதிகாரம், கடமை என்னும் சொற்களைக் கேட்டவுடன் அரசையும் குடிமகனையுமே எண்ணிப் பழகிவிட்டோம். எனினும் மனிதன் ஆளப்படுதலை முதன்முதலில் அறிந்துகொள்ளும் இடம் உண்கலமே. 'உண்' என்பதும் 'போதும்' என்பதுமே அவன் முதலிற் கேட்கும் கட்டளைகள். அவற்றை மறுத்து வாயை இறுக மூடிக்கொள்வதே அவனுடைய முதலாவது கிளர்ச்சியாகும். ஆதலின் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே தட்டின் மேல் நிகழும் வழக்கினை ஆராய்வது, அதிகாரத்தின் இயல்பை அதன் மிகச் சிறிய வடிவத்தில் ஆராய்வதாகவே அமையும்.

1859 இல் வெளிவந்த சுதந்திரம் பற்றிய தம் நூலிலே ஜோன் ஸ்ருவாட் மில், ஒருவனுடைய சொந்த நன்மை என்பது அவனைப் பலவந்தப்படுத்துதற்குப் போதிய நியாயம் ஆகாது என வாதிட்டார். அவ்விடத்தே, இக்கொள்கை முதிர்ச்சி எய்திய மனிதருக்கே உரியது, சிறுவர்க்கும் சட்டம் விதித்த வயதை அடையாதோர்க்கும் பொருந்தாது என விலக்கும் கூறினார். சட்டத்துக்கு இத்தகைய கோடு இன்றியமையாதது. வாக்குரிமையைப் பாதி பாதியாக வழங்குதல் இயலாது. வீட்டுக்கோ அத்தகைய நிர்ப்பந்தம் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்காகத் தீர்மானிக்கும் தாயை எவரும் குறை கூறார். இருபத்தைந்து வயது மகனுடைய சோற்றை அளந்து வைக்கும் தாயை நகைப்பர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீண்ட காலத்தில், உடலின் மேலுள்ள ஆட்சி பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் சிறிது சிறிதாகக் கைமாறுகின்றது. கட்டிளமைப் பருவத்தினரின் உணவு பற்றிய சிக்கல் யாவும் இக்கைமாற்றத்தின் சிக்கலே. கொடுப்பவர் கொடுத்துவிட்டதை மறக்கின்றார்; பெறுபவர் பெறாததையும் பெற்றதாக எண்ணுகின்றார்.

நடைமுறை உண்மையொன்றும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கைச்செலவுக்குச் சிறிது பணம் உண்டு; ஏறிச் செல்லச் சைக்கிள் உண்டு; தனியார் வகுப்புக்கும் வீட்டுக்கும் இடையிலே கடைகள் பல உண்டு. வீட்டு அலுமாரியைப் பூட்டிவிட்ட தந்தை பேருந்து நிலையத்துக் குளிர்பானக் கடையைப் பூட்ட முடியாது. எனவே பலவந்தம் நியாயமா என்னும் வினாவுக்கு முன்னரே, பலவந்தம் சாத்தியமா என்னும் வினா எழுந்து, இல்லை என்னும் விடையையும் பெற்றுவிடுகின்றது. இயலாத அதிகாரத்தைச் செலுத்த முற்படுவோர் வழக்கமாக நாடும் கருவிகள் இரண்டு: ஒன்று ஒற்றாடல், மற்றது அவமானம். இரண்டாவதைப் பற்றிப் பின்னர் விரிவாக நோக்குவோம்.

அதற்குமுன், பெற்றோர் காண்பது உண்மையிலேயே ஒரு கேடுதானா என்பதைத் தெளிதல் வேண்டும். கட்டிளமைப் பருவத்திலே உடல் பருத்தல் இயற்கை. பூப்பெய்தும் காலத்தில் பெண் பிள்ளையின் உடலிற் கொழுப்பு கூடுதல் உடலியல் விதி. ஆண் பிள்ளைகளிற் பலர் முதலிற் சற்றுத் தடித்து, பின்னரே உயர்கின்றனர். இவ்வாறு மாறிக்கொண்டிருக்கும் உடலை வீட்டுத் தராசொன்றின் மேல் நிறுத்தித் தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது. இன்று எங்கும் வழங்கும் உடற்திணிவுச் சுட்டெண்ணின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இம்முறையை 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வகுத்தவர் பெல்ஜிய நாட்டுப் புள்ளிவிவரவியலாளர் அடொல்வ் கெற்லே. அவர் நாடியது சராசரி மனிதனின் இலக்கணத்தை. நோயாளி ஒருவனின் நிலையை அன்று. அதற்கு இன்றுள்ள பெயரை 1972 இல் அன்சல் கீஸும் அவர் சகாக்களும் இட்டனர். வளர்ந்தோருக்கு ஒரே எண்ணை எல்லையாகக் கொள்ளலாம் எனினும், பிள்ளைகளுக்கு அவ்வாறு கொள்ளலாகாது. 5 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு உலக சுகாதார நிறுவனம் 2007 இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபுகளில், வயதுக்கும் பாலுக்கும் ஏற்பவே அந்த எண் வாசிக்கப்படுகின்றது. பதின்மூன்று வயதில் மிகையெனக் கருதப்படும் எண் பதினெட்டு வயதில் இயல்பானதாக இருத்தல் கூடும்.

இவ்வாறு கூறுவதால் கவலைக்கு இடமில்லை என்பது கருத்தன்று. உலகெங்கணும் 5 முதல் 19 வயதுக்கு உட்பட்டோரில் 39 கோடிக்கு மேற்பட்டோர் 2022 இல் மிகை நிறை உடையோராய் இருந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. 1990 இல் அவ்வயதினரில் நூற்றுக்கு எட்டாக இருந்த வீதம் 2022 இல் இருபதாகியது. முன்னர் முதியோர்க்கே உரியதெனக் கருதப்பட்ட இரண்டாம் வகை நீரிழிவு இன்று பதின்வயதினரிடத்தும் காணப்படுகின்றது. தென்னாசியராகிய நமக்கு இதில் தனிப்பட்ட எச்சரிக்கையும் உண்டு. ஐரோப்பியரிலும் குறைந்த நிறையிலேயே நம்மவரை இந்நோய் அணுகுகின்றது. ஆதலின் ஆசிய மக்களுக்குச் சுட்டெண் 23 இலிருந்தே அவதானம் தேவை என 2004 இல் நிபுணர் குழுவொன்று அறிவுறுத்தியது. எனவே, 'வளரும் பிள்ளைதானே, விட்டுவிடுங்கள்' என்று வாளாவிருத்தலும் குற்றமற்ற செயலாகாது. தலையிடுதலும் தீங்காகலாம், தலையிடாமையும் தீங்காகலாம். இவ்விரண்டு தீங்குகளுக்கும் நடுவில் நிற்பதனாலேயே இது ஒழுக்கவியற் சிக்கலாகின்றது.

அளவு என்பது யாருடைய அளவு என்னும் வினாவை இவ்விடத்து எழுப்புதல் வேண்டும். நடுநிலை பற்றிப் பேசுமிடத்து அரிஸ்டோட்டில் எடுத்துக்காட்டாகக் கொண்டதும் உணவையே என்பது சுவையான செய்தி. பத்து இறாத்தல் உணவு அதிகம், இரண்டு இறாத்தல் குறைவு என்றால், பயிற்றுநன் உடனே ஆறு இறாத்தல் என்று விதித்துவிடுவானோ? மைலோ என்னும் மல்லனுக்கு அது போதாது. பயிற்சியைத் தொடங்குவோனுக்கு அது மிகை. அறத்தின் நடுநிலை எண்ணின் நடுநிலை அன்று, நம்மை நோக்கிய நடுநிலை என்பது அவர் பெறவைத்த கருத்து. நம் திருக்குறளிலும் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் முதற்குறளை அடுத்துவரும் ஆறு குறள்களும் உணவின் அளவு பற்றியனவே. மருந்தைப் பாட வந்த அதிகாரத்தின் பெரும்பகுதி உணவைப் பாடுவதைப் பலர் வியந்து கூறியுள்ளனர். அதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது அக்குறள்கள் யாரை விளித்து நிற்கின்றன என்பதாகும். அவை உண்பவனையே விளிக்கின்றன. முன்னர் உண்டது செரித்ததை அறிபவன் அவன். தன் பசியை உணர்பவன் அவன். அளவறிந்து நிறுத்த வேண்டியவனும் அவனே. அருகிலிருந்து பிறனுடைய தட்டைக் கண்காணிப்பவனுக்கு அவ்வதிகாரத்தில் இடமே இல்லை. பசியும் நிறைவும் வெளியிலிருந்து அறியக்கூடியன அல்ல என்னும் எளிய உண்மையை இவ்வமைப்பு உட்கொண்டுள்ளது எனலாம்.

இதிலிருந்து பெறப்படும் முடிபு முக்கியமானது. பிள்ளைக்கு நாம் அளிக்க விரும்பும் நன்மை யாது? குறித்த ஒரு நிறையா, அன்றித் தன் பசியையும் நிறைவையும் தானே அறிந்து நடக்கும் ஆற்றலா? நிறையே நோக்கமாயின், பூட்டும் தராசும் அதட்டலும் நியாயமான கருவிகளாகத் தோன்றும். ஆற்றலே நோக்கமாயின், அவ்வாற்றலை அழிக்கும் எக்கருவியும் நோக்கத்துக்கே பகையாகும். இக்கட்டுரையை வாசிக்கும் மாணவர் பலர், பல்கலைக்கழக விடுதிக்கு வந்த முதல் மாதத்தில், யாரும் பாராத தட்டொன்றின் முன் தாம் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். வீட்டில் அடக்கப்பட்டவர் அங்கு அவிழ்த்து விடப்பட்டவராகவும், வீட்டில் ஊட்டப்பட்டவர் அங்குப் பட்டினி கிடப்பவராகவும் மாறியதைப் பலரும் கண்டிருப்பர்.

இனி அவமானம் என்னும் கருவியை நோக்குவோம். நமது சமூகத்தில் உடல் பற்றிய பேச்சு ஒருவகை முகமனாகவே வழங்குகின்றது. திருமண வீட்டிலும் கோயில் வீதியிலும் நெடுநாட் காணாத உறவினர் கூறும் முதல் வார்த்தை, ஒன்றில் 'மெலிஞ்சு போனாய்' என்பதாகவோ, அன்றி 'நல்லா உடம்பு வைச்சிட்டாய்' என்பதாகவோ இருக்கும். கூறுவோர் அதனை அன்பென்றே கருதுகின்றனர். கேட்கும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கோ அது நாற்பது பேர் நடுவே வாசிக்கப்பட்ட தீர்ப்பாகின்றது. இதனைவிடக் கொடியது அதே நாளில் அதே நாவிலிருந்து பிறக்கும் இரட்டை ஆணை. 'இப்படிக் கொழுத்தால் என்ன செய்வது' என்று கூறிய அத்தையே, பந்தியில் 'இன்னும் கொஞ்சம் போடட்டோ' என்று கேட்டுப் பாயசம் வார்க்கின்றார். மறுத்தால் மனம் நோகின்றார். உண்டாலும் குற்றம், உண்ணாவிடினும் குற்றம் என்னும் நிலையில் வைக்கப்பட்ட பிள்ளை மறைவாக உண்ணக் கற்றுக்கொள்வதில் வியப்பில்லை.

பெண் பிள்ளைகள் விடயத்தில் இம்முரண் சடங்காகவே அமைந்துவிட்டது. யாழ்ப்பாணத்து வழக்கில் பூப்பெய்திய பெண்ணுக்கு உழுத்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் ஊட்டுவர். இன்று இவ்வழக்கம் தளர்ந்து வருகின்றதெனினும் அற்றுப்போய்விடவில்லை. அதனோடு ஓட்டமும் சைக்கிளும் மைதானமும் பல வீடுகளில் அவளுக்கு மறுக்கப்படுகின்றன அல்லது குறைக்கப்படுகின்றன. உடல் இயற்கையாகவே கொழுப்பைச் சேர்க்கும் காலத்தில், உணவைக் கூட்டி இயக்கத்தைக் குறைத்தது நாம். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, மணப்பேச்சு எழும் வேளையில், 'உடம்பைப் பார்க்கத் தெரியாத பெண்' என்று அவளையே பழிப்பதும் நாம். அதே நிறையுடைய ஆண் பிள்ளையை 'வாட்டசாட்டமானவன்' என்போம். உடல் நலமே நமது கவலையாயின் இருவர்க்கும் ஒரே சொல்லன்றோ இருந்திருத்தல் வேண்டும்? நலம் என்னும் பெயரால் இங்கு விலை பேசப்படுகின்றது என்று கூறுவது கடுமையாயினும் பொய்யன்று.

அவமானம் பயன் தருமா என்பதை ஆய்வாளர் சோதித்துள்ளனர். ஐக்கிய அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்தில் டயான் நியுமார்க்-ஸ்ரைனர் தலைமையிலான குழுவினர் 2,516 கட்டிளமைப் பருவத்தினரை 1999 தொடக்கம் 2004 வரை ஐந்தாண்டு இடைவெளியில் இருமுறை ஆராய்ந்தனர். மெலிவதற்காக உணவைக் கட்டுப்படுத்தியோர் பின்னர் மிகை நிறை உடையோராகும் வாய்ப்பு, கட்டுப்படுத்தாதோரிலும் கூடுதலாயிருந்தது. குடும்பத்தவரின் கேலிக்கு ஆளானோரிடத்தும் மிகை நிறையும் கட்டுமீறி உண்ணும் பழக்கமும் கூடுதலாகக் காணப்பட்டன. சிறு பிள்ளைகளிடத்து லீன் பேர்ச்சும் ஜெனிபர் பிஷரும் 1999 இல் வெளியிட்ட சோதனைகளோ, கண்முன் வைத்துத் தடுக்கப்பட்ட தின்பண்டத்தின்மேல் பிள்ளையின் நாட்டம் கூடுகின்றதேயன்றிக் குறைவதில்லை எனக் காட்டின. வளர்ந்தோரும் இதற்கு விலக்கல்லர். முற்குறித்த அன்சல் கீஸ் 1944, 1945 ஆம் ஆண்டுகளில், தாமாக முன்வந்த 36 இளைஞரை ஆறு மாத காலம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தபோது, அவ்விளைஞரின் சிந்தனை முழுவதையும் உணவே ஆட்கொண்டது. சமையல் நூல்களை விரும்பி வாசித்தோரும் அவருட் சிலர். கட்டுப்பாடு நீங்கியபின் வயிறு நிறைந்தும் பசி அடங்காதிருந்தனர். இத்தகைய சான்றுகளின் அடிப்படையிலேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016 இல், பதின்வயதினரை மெலிவதற்கான உணவுக் கட்டுப்பாட்டில் ஈடுபடுத்தாதிருக்கவும், வீட்டில் நிறை பற்றிய பேச்சைத் தவிர்க்கவும், குடும்பமாகக் கூடி உண்ணலை ஊக்குவிக்கவும் ஆலோசனை கூறியது.

இவ்வளவில் வாதம் முடிந்தது என்று சிலர் கருதலாம். அவமானம் பயன் தராது; ஆகவே அதனைக் கைவிடுவோம். ஆயின் ஒழுக்கவியலாளன் இவ்வளவிற் திருப்தியடைதல் ஆகாது. நாளை வேறோர் ஆய்வு, அளவான அவமானம் பத்தில் ஆறு பிள்ளைகளை மெலியச் செய்கின்றது என்று நிறுவுமாயின், அப்போது அது தகுமா? 'நாங்களும் ஏச்சுக் கேட்டே வளர்ந்தோம், என்ன கெட்டுவிட்டோம்' என்போர் உள்ளத்தில் இருப்பது இவ்வெதிர்பார்ப்பே. அப்போதும் தகாது என்பதே நமது துணிபு. ஒருவன் தன் உடலைப் பேணுவதற்கு முதல் வேண்டுவது அது தன்னுடையது என்னும் உணர்வு. அவமானம் அவ்வுணர்வைப் பறிக்கின்றது. அவமானப்பட்டவன் தன் உடலைப் பிறர் கண்களால் நோக்கக் கற்றுக்கொள்கின்றான். அது பிறருக்குக் காட்டப்படும் ஒரு பொருளாக, அவனிடமிருந்து அந்நியமாகின்றது. அவ்வுடல் மெலிந்தாலும் அவனுக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. மனிதரை வெறும் கருவியாக நடத்தலாகாது என்ற கான்றின் கூற்றைப் பிள்ளையின் எதிர்கால நலத்துக்கும் விரித்துக் கொள்ளலாம்: நாளைய மெலிந்த மனிதனுக்காக இன்றைய பிள்ளையைக் கருவியாக்குதலும் தகாதே.

அங்ஙனமாயின் பெற்றோருக்கு எஞ்சுவது யாது? அமெரிக்கப் போசாக்கியலாளர் எலின் சற்றர் 1980களில் எழுதிய நூல்களில் ஒரு பங்கீட்டை முன்வைத்தார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பன பெற்றோரின் பொறுப்பு. உண்பதா, எவ்வளவு உண்பது என்பன பிள்ளையின் பொறுப்பு. போசாக்கியலில் எழுந்த இக்கருத்தை அரசறிவியல் மாணவர் அதிகாரப் பிரிவினைக் கோட்பாடாக இலகுவில் இனங்காண்பர். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் புகாமையே அதன் உயிர். கட்டிளமைப் பருவத்திலோ இவ்வெல்லை அசையும் எல்லை. ஆண்டுதோறும் பெற்றோரின் பங்கிலிருந்து ஏதேனும் ஒன்று பிள்ளையின் பங்குக்குச் செல்லும். பிள்ளை சந்தைக்குப் போய் மீனும் மரக்கறியும் தெரிந்து வாங்குவதும், வாரத்தில் ஒருநாள் இராச்சமையலைத் தானே செய்வதும் இக்கைமாற்றத்தின் நல்ல வடிவங்கள். முருங்கையிலை வறையைத் தானே சமைத்தவன் அதனை ஒதுக்குவது அரிது.

ஆயினும் இப்பங்கீட்டில் மறைந்துள்ள ஓர் எடுகோளைச் சுட்டாது செல்லலாகாது. மாலை ஆறு மணிக்குக் குடும்பம் மேசையைச் சுற்றி அமரும் வீடொன்றை அது கற்பனை செய்கின்றது. நம் நாட்டிற் க.பொ.த. சாதாரண தரத்துக்கு ஆயத்தமாகும் பிள்ளையின் நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் அவசரமாக ஒரு துண்டுப் பாண். இடைவேளையிற் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையின் ரோல்ஸ் அல்லது பணிஸ். இரண்டு மணிக்கு வீடு வந்து பசி மிகுதியால் மலையெனச் சோறு. மூன்று மணிக்குத் தனியார் வகுப்பு. இரவு ஏழு மணிக்குத் திரும்பும் வழியிற் கொத்து ரொட்டியும் குளிர்பானமும். பின் நள்ளிரவு வரை படிப்பும் கைத்தொலைபேசியும். பதின்வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கமும், நாளொன்றுக்கு அறுபது நிமிட உடலியக்கமும் வேண்டும் என்கின்றது மருத்துவம். நாம் வகுத்த நாளில் அவற்றுக்கு இடம் எங்கே? தந்தை வெளிநாட்டிலும் தாய் வேலைத்தலத்திலும் இருக்கும் வீட்டில், அல்லது விடியுமுன் கொழுந்து பறிக்கப் புறப்படும் தோட்டத் தொழிலாளியின் லயத்தில், 'எப்போது, எங்கே' என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல் பெற்றோருக்கே இல்லை. இவ்விடத்துப் பிள்ளையின் மனவுறுதியைக் குறை கூறுதல், சமூகத்தின் குற்றத்தைத் தனிமனிதன் தலையிற் சுமத்துதலாகும்.

சந்தையின் பங்கும் சிறிதன்று. இலங்கையில் 2016 முதல் இனிப்புப் பானப் போத்தல்களில் நிறக்குறியீடு இடப்படுகின்றது: நூறு மில்லிலீற்றரில் சீனி 11 கிராமை மீறின் சிவப்பு, இரண்டுக்கும் பதினொன்றுக்கும் இடைப்படின் செம்மஞ்சள், இரண்டுக்குக் குறையின் பச்சை. இது வரவேற்கத்தக்கதே. ஆயின் நமது வீட்டுத் தேநீர்க் குவளைக்கு எந்த நிறமும் இல்லை. குவளைக்கு மூன்று தேக்கரண்டி வீதம் நாளுக்கு நான்கு குவளை குடிக்கும் பிள்ளை, தேநீர் மூலமே ஏறக்குறைய 48 கிராம் சீனியை உட்கொள்கின்றது. நாளொன்றுக்கு 2,000 கலோரி கொள்வோருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த மேலெல்லையே 50 கிராம். விரும்பத்தக்க அளவு அதிற் பாதி. பிள்ளையின் சோற்றைப் பார்த்துப் பெருமூச்செறியும் தந்தை தன் கையிலிருக்கும் குவளையைப் பார்ப்பதில்லை.

இங்கேதான் நீதி பற்றிய வினா எழுகின்றது. ஒரு வீட்டில் மிகை நிறையுள்ள பிள்ளைக்கு மட்டும் சீனியில்லாத் தேநீரும், மெலிந்த தம்பிக்கு ஐஸ்கிறீமும் என்னும் ஏற்பாடு நலம் நோக்கியதாயினும் நீதியற்றது. குடிகள் அனைவருக்கும் பொதுவாயிருப்பதே சட்டம். ஒருவனை மட்டும் குறிப்பது தண்டனை. உணவு மாற்றம் வீட்டுக்குப் பொதுவாக அமைதல் வேண்டும் என்பது மருத்துவமும் ஒழுக்கவியலும் ஒருங்கு கூறும் சில விடயங்களுள் ஒன்று. மெலிந்தவனுக்கும் சீனி வேண்டியதன்று. தந்தைக்கோ சொல்லவே வேண்டியதில்லை. தீட்டாத அரிசி, குரக்கன் பிட்டு, கீரை, பயறு, சிறுமீன் என்பன ஒருவனுக்கு விதிக்கப்பட்ட பத்தியமாக வரும்போது கசக்கும்; எல்லோர்க்கும் சமைத்த உணவாக வரும்போது அது வெறும் உணவே.

இன்னொரு குரலையும் இவ்வீட்டிற் கேட்டல் வேண்டும்; அது அம்மம்மாவின் குரல். பிள்ளைக்குச் சோறு குறைப்பதை அவர் பொறுக்கார். அறியாமை என்று அதனை இலேசாகத் தள்ளிவிடுதல் நன்றன்று. 1942 முதல் 1979 வரை இந்நாட்டு மக்கள் பங்கீட்டு அரிசியை எதிர்பார்த்து வாழ்ந்தவர்கள். எழுபதுகளின் முற்பகுதியில் பாணுக்காக விடியுமுன் வரிசையில் நின்றவர்கள். வடக்கில் வாழ்ந்தோர் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையையும், 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு நடந்த நடையையும், 2009 இற் கஞ்சிக்காகக் காத்திருந்ததையும் கண்டவர்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை அண்மித்தபோது எல்லோரும் அப்பயத்தை மீண்டும் அறிந்தனர். இத்தகைய நினைவுடையார்க்கு நிறைந்த தட்டு ஒரு காப்பு; கொழுத்த பிள்ளை பஞ்சத்தின் மேற் பெற்ற வெற்றி. இவ்வன்பைக் கடிந்து திருத்த முடியாது. கிழவியின் கையிலுள்ள அகப்பையைப் பறிப்பதைவிட, ஒடியற்கூழும் இலைக்கறியும் சமைக்கக் கற்றுத் தருமாறு அவரிடமே கேட்பது சாலும். அவருடைய இளமைக்கால உணவே இன்று மருத்துவர் பரிந்துரைக்கும் உணவுக்கு அண்மையில் நிற்கின்றது.

வகுப்பறையிற் பேசுவோருக்கும் இவ்விடத்து ஒரு குறிப்பு. இந்நாட்டில் ஒரே வாங்கில் மெலிவுற்ற பிள்ளையும் மிகை நிறையுள்ள பிள்ளையும் அருகருகே அமர்ந்துள்ளனர். எல்லோரையும் நோக்கி 'சோற்றைக் குறையுங்கள்' என்று கூறும் ஆசிரியரின் சொல், காலையில் உண்ணாமல் வந்த பிள்ளையின் காதிலும் விழுகின்றது. வரிசையில் நிறுத்தி நிறையை உரத்துக் கூறும் வழக்கம் எந்தப் பாடசாலையிலும் இருத்தலாகாது.

எஞ்சுவது மிகக் கடினமான ஒரு நிலை. வீடு முழுவதும் மாறியது, கேலி நின்றது, பிள்ளைக்கு யாவும் எடுத்துரைக்கப்பட்டன. பதினாறு வயதுப் பிள்ளை அனைத்தையும் விளங்கிக்கொண்டு, 'எனக்கு இப்படியே இருக்க விருப்பம்' என்கின்றது. அப்போது பெற்றோர் என் செய்வது? இங்கு இரண்டு நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும் என்பது என் கருத்து. தணியாத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், கழுத்து மடிப்பிற் கருமை என்பன தோன்றுமாயின், அல்லது இதற்கு மறுதலையாகப் பிள்ளை வேளை தவறாது உணவைத் தவிர்த்து, உண்டதை வாந்தியெடுத்து, மாதவிலக்கு நின்று, வேகமாக மெலியுமாயின், பெற்றோர் அதன் விருப்பத்தை மீறியேனும் வைத்தியரிடம் அழைத்துச் செல்லலாம், செல்லல் கடமையுமாகும். மெலிவதைக் கண்டு மகிழ்ந்து இரண்டாவது ஆபத்தைக் காணாது விட்ட வீடுகள் பல. இத்தகைய குறிகள் இல்லாதவிடத்து, இரத்தப் பரிசோதனைக்கு வருமாறு பெற்றோர் வற்புறுத்தலாம். தட்டில் எவ்வளவு என்பதில் வற்புறுத்தலாகாது. முன்னையது பிள்ளை தன் தீர்மானத்தை அறிவோடு எடுத்தற்கு வேண்டிய செய்தியை அளிக்கின்றது. பின்னையது அத்தீர்மானத்தையே பறிக்கின்றது.

இவ்வாறு ஒதுங்கி நிற்றலைக் கைவிடுதல் என்று பலர் தவறாக எண்ணுகின்றனர். மாலையில் தானும் செருப்பை மாட்டிக்கொண்டு 'கடற்கரை வரை நடப்போமா' என்று கேட்கும் தந்தை எதனையும் கைவிடவில்லை. பிள்ளை வரலாம், அன்று வராமலும் இருக்கலாம். மறுநாளும் கேட்கலாம். வழியில் நிறையைப் பற்றிப் பேசாதிருத்தல் மட்டும் வேண்டும். பேசுதற்கு வேறு எத்தனையோ விடயங்கள் உண்டு.